குழந்தைகளின் நீதிமன்றத்தில் நின்ற மருத்துவர்

பெற்றோரை இழந்த ஒரு குழந்தையைக் கண்டால் நம் உள்ளம் இளகுகிறது. உணவளிக்கிறோம், உடுக்கத் துணி தருகிறோம், பண்டிகை நாளில் இனிப்பு வாங்கிச் செல்கிறோம். இவை அனைத்தும் நற்செயல்களே. ஆனால் அதே குழந்தை நம்மிடம் நியாயம் கேட்டு வந்து நின்றால் நாம் என்ன செய்வோம்? தன்னைக் காரணமின்றிக் கடிந்துகொண்டதற்கு அது விளக்கம் கேட்டால், பதில் கூறக் கடமைப்பட்டவர்கள் என்று நம்மைக் கருதுவோமா? அல்லது உண்ண உணவும் உறங்க இடமும் தந்த பின்னும் இப்படிப் பேசுகிறதே என்று மனம் வருந்துவோமா?

இக்கேள்வியைத் தம் வாழ்க்கையின் மையமாகக் கொண்டு போலந்து நாட்டில் ஒருவர் வாழ்ந்தார். அவர் பெயர் யானுஷ் கோர்ச்சாக். மருத்துவர், எழுத்தாளர், ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்தை முப்பது ஆண்டுகள் நடத்தியவர். 1942-ஆம் ஆண்டில் தம் இல்லத்துக் குழந்தைகளைப் பிரிய மறுத்து அவர்களுடனேயே உயிர்நீத்தவர் என்றே உலகம் அவரைப் பெரிதும் அறிந்திருக்கிறது. அம்மரணம் மாபெரும் தியாகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரு கணத்தில் பிறந்த வீரச் செயல் அன்று. முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் செய்துவந்ததையே அவர் கடைசி நாளிலும் செய்தார். எனவே அந்த முப்பது ஆண்டுகளை அறியாமல் அந்த ஒரு நாளைப் புரிந்துகொள்ள இயலாது.

இளமை

அவரது இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மித். வார்சா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் ஜூலை 22 அன்று பிறந்தார். தந்தை பிறப்பைப் பதிவு செய்வதில் காலம் தாழ்த்தியதால், பிறந்த ஆண்டு 1878 என்றும் 1879 என்றும் இருவகையாகக் குறிப்பிடப்படுகிறது. அந்நாளில் வார்சா ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது.

தந்தை வழக்கறிஞர், வசதியான இல்லம். ஐந்து வயதில், தாம் வளர்த்த சிறு பறவை இறந்தபோது, சிறுவன் ஹென்றிக் அதைப் புதைத்து அதன்மேல் ஒரு சிலுவை நட விரும்பினான். காவல்காரரின் மகன் அதைத் தடுத்தான். அப்பறவையும் அவனைப் போலவே யூத இனத்தைச் சேர்ந்தது, ஆகவே சிலுவை கூடாது என்று அவன் விளக்கினான். தான் மற்றவர்களிலிருந்து வேறானவன் என்று அக்குழந்தை உணர்ந்தது அன்றுதான். முதுமையில் எழுதிய நாட்குறிப்பிலும் இந்நிகழ்ச்சியை அவர் மறக்கவில்லை.

தந்தை மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனைகளில் நெடுநாள் இருந்து 1896-இல் காலமானார். செல்வம் கரைந்தது. பள்ளி மாணவனாக இருந்தபோதே பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலை ஹென்றிக்கிற்கு வந்தது. 1898-இல் ஓர் இலக்கியப் போட்டிக்காகச் சூடிக்கொண்ட புனைபெயரே யானுஷ் கோர்ச்சாக். அப்பெயரே பின்னர் நிலைத்துவிட்டது.

மருத்துவமனையிலிருந்து இல்லத்திற்கு

வார்சாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1905-இல் பட்டம் பெற்றார். ரஷ்ய-ஜப்பானியப் போரில் இராணுவ மருத்துவராக அனுப்பப்பட்டார். திரும்பிவந்து வார்சாவின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினார். பெர்லின், பாரிஸ், லண்டன் நகரங்களுக்குச் சென்று குழந்தை மருத்துவத்தையும் குழந்தை இல்லங்களையும் ஆராய்ந்தார். நல்ல வருமானமும் பெயரும் அவரைத் தேடி வந்த காலம் அது.

ஆனால் ஒரு கேள்வி அவரை உறுத்தியது. காய்ச்சலுடன் வரும் ஏழைக் குழந்தையை மருத்துவமனை குணப்படுத்துகிறது. குணமானதும் அதே இருண்ட நிலவறைக்கும் அதே பசிக்கும் திருப்பி அனுப்புகிறது. அப்படியானால் குணப்படுத்தப்பட்டது எது? நோயைக் காட்டிலும் குழந்தையின் வாழ்வே மருத்துவரின் அக்கறைக்கு உரியது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1912-இல் வார்சாவின் குரோக்மால்னா தெருவில், 92-ஆம் எண் மனையில், யூத அநாதைக் குழந்தைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. கோர்ச்சாக் அதன் இயக்குநரானார். ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்ற பெண்மணி அவருடன் இணைந்து இல்லத்தின் அன்றாட நிர்வாகத்தை ஏற்றார். கோர்ச்சாக்கின் புகழில் இவர் பெயர் மறைந்துபோவது முறையன்று. முதல் உலகப் போரில் கோர்ச்சாக் மீண்டும் படையில் சேர்க்கப்பட்டபோது, அந்த இல்லத்தைத் தனியொருவராகக் காத்தவர் ஸ்டெஃபானியாவே. இருவரும் இல்லற வாழ்வை மேற்கொள்ளவில்லை. இல்லத்துப் பிள்ளைகளே அவர்களின் குடும்பம். போருக்குப் பின், 1919-இல், மரியா ஃபால்ஸ்கா நடத்திய மற்றோர் இல்லத்திற்கும் கோர்ச்சாக் வழிகாட்டியாக விளங்கினார். போலந்துத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர்.

1920-இல் டைஃபஸ் காய்ச்சலுக்கு ஆளான அவரைப் பராமரித்த தாயார் அதே நோய் தொற்றி இறந்தார். அத்துயரம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

மன்னிக்கும் சட்டம்

குரோக்மால்னா தெரு இல்லத்தின் தனிச்சிறப்பு அங்கிருந்த நீதிமன்றம். ஒரு குழந்தை மற்றொரு குழந்தைக்குத் தீங்கு செய்தால், பாதிக்கப்பட்ட குழந்தை அறிவிப்புப் பலகையில் தன் வழக்கைப் பதிவு செய்யலாம். வாரம் ஒருமுறை வழக்குகள் விசாரிக்கப்படும். நீதிபதிகள் ஐவரும் குழந்தைகளே. அந்த வாரத்தில் தம்மீது எந்த வழக்கும் இல்லாதவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பெரியவர் ஒருவர் செயலராக அமர்ந்து விவரங்களை எழுதுவார். தீர்ப்பில் அவருக்கு வாக்கு இல்லை.

அந்த நீதிமன்றத்திற்கென ஒரு சட்டத் தொகுப்பையும் கோர்ச்சாக் எழுதினார். அதன் அமைப்பு வியப்புக்குரியது. ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரையிலான பிரிவுகளில் தண்டனை என்பதே இல்லை. வழக்கைக் கைவிடுதல், அறியாமல் செய்தமைக்காக மன்னித்தல், வருந்தியமைக்காக மன்னித்தல், இனிச் செய்யமாட்டார் என்ற நம்பிக்கையில் மன்னித்தல் என இவ்வாறே அவை செல்கின்றன. நூறாவது பிரிவில்தான் நீதிமன்றம் முதன்முறையாக மன்னிப்பு வழங்காமல் நிற்கிறது. அங்கும் குற்றம் நிகழ்ந்தது என்று கூறுவதோடு முடிகிறது. அதன்பின் எண்கள் நூறு நூறாக ஏறுகின்றன, கண்டிப்பும் ஏறுகிறது. தொள்ளாயிரமாவது பிரிவு, நீதிமன்றம் நம்பிக்கை இழந்துவிட்டதை அறிவிக்கிறது. அப்போதும் வேறொருவர் முன்வந்து அப்பிள்ளைக்குப் பொறுப்பேற்றால் அவன் இல்லத்தில் தொடரலாம். ஆயிரமாவது பிரிவு மட்டுமே வெளியேற்றம்.

இந்த நீதிமன்றம் தொடக்கத்திலேயே செம்மையாக நடந்துவிடவில்லை. சிலர் அற்பக் காரணங்களுக்கு வழக்குத் தொடுத்தனர். சிலர் தீர்ப்பை ஏளனம் செய்தனர். கோர்ச்சாக் அதைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்து, விதிகளைத் திருத்தி மீண்டும் தொடங்கினார். தம் தோல்விகளை அவர் நூலிலேயே வெளிப்படையாக எழுதினார்.

பெரியவர்கள்மீதும் குழந்தைகள் வழக்குத் தொடுக்கலாம் என்பது அந்நீதிமன்றத்தின் விதிகளுள் ஒன்று. ஆறு மாத காலத்தில் இயக்குநரான கோர்ச்சாக்கே ஐந்து முறை அங்கே நின்றார். ஒரு சிறுவனைக் காதில் அறைந்தது, ஒருவனைப் படுக்கை அறையிலிருந்து வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிற்க வைத்தது, ஒரு நீதிபதியை அவமதித்தது, ஒரு சிறுமியைத் திருட்டுக் குற்றத்திற்காகத் தவறாகச் சந்தேகித்தது ஆகியவையே அந்த ஐந்து வழக்குகள். ஒவ்வொன்றுக்கும் அவர் எழுத்து மூலம் விளக்கம் அளித்தார். ஐந்திலும் குழந்தைகள் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை.

இதைப் படிக்கும்போது நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஐந்து குற்றங்களில் எதைத்தான் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் நாம் குற்றமாகவே கருதுகிறோம்? கோர்ச்சாக் கோபமே கொள்ளாத மனிதர் அல்லர். தம் கோபத்திற்குக் கணக்குக் கொடுக்கத் தயங்காத மனிதர். குழந்தைகள் அவரிடமிருந்து நேர்மையைக் கற்றது அறிவுரையினால் அன்று. பெரியவர் ஒருவர் தவறை ஒப்புக்கொள்வதைக் கண்ணால் கண்டதனால்.

இரக்கமும் மரியாதையும்

இல்லத்தில் குழந்தைகளின் நாடாளுமன்றம் ஒன்றும் இருந்தது. புதிதாக வரும் குழந்தைக்குப் பழைய குழந்தை ஒன்று துணையாக நியமிக்கப்பட்டது. 1926-இல் 'சிறிய விமர்சனம்' என்ற வார இதழை ஒரு நாளிதழின் இணைப்பாக அவர் தொடங்கினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் குழந்தைகள் எழுதியவையே அதன் பக்கங்களை நிரப்பின. ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்த 1939 செப்டம்பர் 1 வரை அது வெளிவந்தது. 'முதிய மருத்துவர்' என்ற பெயரில் அவர் ஆற்றிய வானொலி உரைகளை 1930-களில் போலந்து முழுவதும் கேட்டு மகிழ்ந்தது. யூத வெறுப்பு வளர்ந்த சூழலில் 1936-இல் அந்நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.

'குழந்தையை எவ்வாறு நேசிப்பது' என்ற அவரது நூலில் குழந்தைக்குரிய மூன்று உரிமைகள் கூறப்படுகின்றன. இன்றைய நாளை வாழும் உரிமை ஒன்று. குழந்தை நாளைய மனிதன் மட்டும் அல்ல, இன்றே மனிதன் என்பது அதன் பொருள். தான் தானாகவே இருக்கும் உரிமை மற்றொன்று. இவற்றுக்கு முதலாக அவர் வைத்ததோ நம்மைத் திடுக்கிட வைப்பது: மரணத்திற்கான உரிமை. குழந்தை இறந்துவிடுமோ என்ற அச்சத்தினால் அதை ஓடவும் ஏறவும் விடாமல் பொத்திப் பொத்தி வைத்து, வாழ்வையே அதனிடமிருந்து பறித்துவிடுகிறோம் என்பதே அவர் சுட்டிய உண்மை.

குழந்தைகளின் உரிமை குறித்து 1924-இல் சர்வதேச சங்கம் ஜெனீவாவில் ஒரு பிரகடனத்தை ஏற்றது. உலகம் பாராட்டிய அப்பிரகடனத்தில் கோர்ச்சாக் ஒரு குறையைக் கண்டார். உரிமையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் அது பெரியவர்களின் நல்லெண்ணத்தை வேண்டி நிற்கிறது என்றார். இந்த வேறுபாடு நுட்பமானது. இரக்கம் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத் தருவது. தரும் மனநிலை மாறினால் அதுவும் நின்றுவிடும். மரியாதை அவ்வாறன்று. அது எதிரே இருப்பவரிடம் ஏற்கெனவே உள்ள மாண்பைக் காண்பது. கண்டபின் நம் மனநிலைக்கேற்ப அதை விலக்கிக்கொள்ள முடியாது. 1929-இல் வெளிவந்த அவரது சிறுநூலுக்கு 'மரியாதை பெறும் குழந்தையின் உரிமை' என்றே பெயரிட்டார்.

மதிலுக்குள்

1940-இன் இறுதியில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் வார்சாவின் யூதர்கள் அனைவரையும் நகரின் ஒரு மூலைக்குத் துரத்தி, சுற்றிலும் மதில் எழுப்பினர். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் சுமார் மூன்றரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் அடைக்கப்பட்டனர். குரோக்மால்னா தெருக் கட்டடம் மதிலுக்கு வெளியே இருந்ததால், தங்கள் வீடாக அறிந்த ஒரே இடத்தைக் குழந்தைகள் விட்டுச் செல்ல வேண்டியதாயிற்று. இடம் பெயர்ந்தபோது குழந்தைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டியைக் காவலர்கள் பறித்துக்கொண்டனர். யூதர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட கைப்பட்டையை அணியாமல், போலந்துப் படை அதிகாரியின் சீருடையில், கோர்ச்சாக் நேரே ஜெர்மானிய அதிகாரிகளிடம் சென்று வண்டியைத் திருப்பித் தருமாறு கேட்டார். அடியும் சிறைவாசமுமே அவருக்குக் கிடைத்த பதில்.

விடுதலையாகி வந்தபோது உடல் தளர்ந்திருந்தது. எனினும் ஒவ்வொரு நாளும் ஒரு பையைச் சுமந்து, வசதியுள்ள வீடுகளின் கதவைத் தட்டி, சுமார் இருநூறு குழந்தைகளுக்காக உணவு யாசித்தார். நாடெங்கும் அறியப்பட்ட எழுத்தாளர், அறுபதைக் கடந்த மருத்துவர், ஒரு மூட்டை மாவுக்காகப் படியேறி இறங்கினார். 1941-இல் இல்லம் மறுபடியும் இடம் மாற்றப்பட்டது. அந்நிலையிலும் குழந்தைகளுக்குப் பாடங்கள் நடந்தன, எடை பார்க்கப்பட்டது, நீதிமன்றம் கூடியது.

1942-இன் தொடக்கத்தில் மற்றொரு சுமையையும் அவர் தாமே கேட்டு ஏற்றார். ஜெல்னா தெருவில் சுமார் ஆயிரம் ஆதரவற்ற குழந்தைகள் இருந்த ஒரு விடுதியில் பசியாலும் நோயாலும் நாள்தோறும் பிள்ளைகள் மடிந்துகொண்டிருந்தனர். அங்கே பணியாற்ற அனுமதிக்குமாறு விண்ணப்பித்து அப்பணியில் சேர்ந்தார்.

தாகூரின் நாடகம்

1942 ஜூலை 18 அன்று இல்லத்தில் ஒரு நாடகம் நடந்தது. எஸ்தர் என்ற இளம் பணியாளர் குழந்தைகளைப் பயிற்றுவித்திருந்தார். நடிக்கப்பட்டது நம் நாட்டு மகாகவி இரவீந்திரநாத் தாகூரின் 'தபால் நிலையம்'.

அமல் என்ற நோயுற்ற சிறுவன் அந்நாடகத்தின் நாயகன். காற்றும் வெயிலும் ஆகாது என்று வைத்தியர் கூறியதால் அவன் ஓர் அறைக்குள் அடைக்கப்படுகிறான். சன்னலருகே அமர்ந்து, தெருவில் செல்லும் தயிர்க்காரரோடும் காவற்காரரோடும் பூப்பறிக்கும் சிறுமியோடும் பேசுகிறான். அரசரிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். முடிவில் அரச வைத்தியர் வந்து கதவுகளையும் சன்னல்களையும் திறக்கச் சொல்கிறார். விண்மீன்களின் ஒளி உள்ளே வர, அமல் உறங்கிப் போகிறான்.

குழந்தைகளும் மரணத்தை அமைதியாக எதிர்கொள்ளக் கற்க வேண்டும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்ததாக கோர்ச்சாக் கூறினார் என்பர். அவரது முந்தைய எழுத்தை அறிந்தவர்க்கு இத்தேர்வில் மற்றொரு பொருளும் தோன்றும். அச்சத்தினால் குழந்தையை அறைக்குள் பூட்டும் பெரியவர்களைப் பற்றி அவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தார். இப்போதோ வெறுப்பு ஒரு நகரத்துக் குழந்தைகளையே மதிலுக்குள் பூட்டிவிட்டது. அமலின் உடல் அறைக்குள் இருந்தாலும் அவன் மனம் மலைகளையும் ஆறுகளையும் கடந்து சென்றது. பூட்டிய அறையிலும் பூட்ட முடியாதது ஒன்று உண்டு என்பதை வங்காளத்தில் பிறந்த ஒரு நாடகம் வார்சாவின் குழந்தைகளுக்கு உணர்த்தியது.

அதே 1942-இல் இந்திய மண்ணில் நடந்த ஒன்றையும் இங்கே நினைவுகூரலாம். சோவியத் நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டு, பெற்றோரை இழந்தும் பிரிந்தும் அலைந்த போலந்துக் குழந்தைகள் நூற்றுக்கணக்கானோருக்கு, நவாநகர் அரசர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி குஜராத்தின் கடற்கரையில் பாலாசடி என்னுமிடத்தில் இல்லம் அமைத்துத் தந்தார். அக்குழந்தைகள் பிழைத்தனர். அந்த அரசரின் பெயரால் இன்று வார்சாவில் ஒரு பள்ளி உள்ளது.

இறுதி நடை

நாடகம் நடந்த நான்காம் நாள், ஜூலை 22 அன்று, வார்சா யூதர்களை ட்ரெப்ளிங்கா என்ற கொலைக்களத்திற்கு இரயிலில் அனுப்பும் கொடுமை தொடங்கியது. இரண்டு மாதங்களுக்குள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். கோர்ச்சாக்கை மதிலுக்கு வெளியே கொண்டுசென்று மறைத்து வைக்க நண்பர்கள் பலமுறை முயன்றனர். ஒவ்வொரு முறையும் அவர் மறுத்தார்.

அவரது நாட்குறிப்பின் கடைசிப் பக்கம் ஆகஸ்ட் 4 அன்று எழுதப்பட்டது. சன்னலருகே செடிகளுக்கு நீர் ஊற்றுகிறார். வெளியே துப்பாக்கியுடன் ஒரு காவல் வீரன் நின்று பார்க்கிறான். அவன் தன் ஊரில் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியனாக இருந்திருக்கக் கூடுமோ என்று கோர்ச்சாக் எண்ணுகிறார். மரணத்தின் வாசலிலும், எதிரே துப்பாக்கியோடு நின்றவனிடம் அவர் தேடியது ஒரு மனிதனையே.

மறுநாள் காலை வீரர்கள் இல்லத்தைச் சூழ்ந்தனர். சுமார் இருநூறு குழந்தைகளும் அவர்களைப் பராமரித்தோரும் வரிசையாகத் தெருவில் இறங்கினர். ஸ்டெஃபானியாவும் உடன் சென்றார். கோடை வெயிலில் சில கிலோமீட்டர் தொலைவு நடந்து இரயில் மேடையை அடைந்தனர். நேரில் கண்டோரின் நினைவுக் குறிப்புகள் சிறு விவரங்களில் வேறுபட்டாலும் ஒன்றில் ஒத்துள்ளன: குழந்தைகள் ஒழுங்காக நடந்தனர், கோர்ச்சாக் அவர்களோடு நடந்தார். ட்ரெப்ளிங்காவிலிருந்து அவர்களில் எவரும் திரும்பவில்லை.

அவரைத் தியாகி என்று போற்றும்போது ஒன்றை மறத்தல் கூடாது. மரணத்தை அவர் தேடிச் செல்லவில்லை. இருண்ட இடத்திற்குச் செல்லும் குழந்தையைத் தனியே அனுப்புவது அவருக்கு இயலாத செயல், அவ்வளவே. இரவில் அஞ்சி எழும் பிள்ளையின் படுக்கையருகே முப்பது ஆண்டுகள் அமர்ந்தவர், கடைசி இரவில் எழுந்து போய்விடுவது எப்படி?

அவர் விட்டுச் சென்றது

குழந்தைகளின் உரிமைகளுக்கென உலகளாவிய உடன்படிக்கை வேண்டும் என்று 1978-இல் ஐக்கிய நாடுகள் அவையில் முன்மொழிந்த நாடு போலந்து. கோர்ச்சாக்கின் மண்ணிலிருந்து எழுந்த அக்கோரிக்கை 1989 நவம்பர் 20 அன்று உடன்படிக்கையாக நிறைவேறியது. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றது. தன்னைப் பற்றிய முடிவுகளில் தன் கருத்தைக் கூறும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று அது அறிவிக்கிறது. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு இளையோர் நீதிச் சட்டம், ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தைகளின் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று விதிக்கிறது.

சட்டம் வந்துவிட்டது. அதற்கு உயிரூட்டுவது அக்குழந்தையின் எதிரே நிற்கும் பெரியவரின் கையில் உள்ளது. இல்லங்களையும் விடுதிகளையும் பள்ளிகளையும் நடத்துவோரும், அவற்றுக்குப் பொருளுதவி செய்வோரும், வீட்டில் பிள்ளைகளை வளர்ப்போரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம்: இங்குள்ள மிகச் சிறிய குழந்தை, என்மீது முறையிட ஓர் இடம் இருக்கிறதா? முறையிட்ட பின்னும் அது அச்சமின்றி என்னருகே வருமா?

ட்ரெப்ளிங்காவில் இன்று ஏறத்தாழ பதினேழாயிரம் கற்கள் நடப்பட்டுள்ளன. அழிக்கப்பட்ட ஊர்களின் பெயர்கள் பலவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. தனி மனிதரின் பெயர் பொறிக்கப்பட்ட கல் ஒன்றே ஒன்று. அது யானுஷ் கோர்ச்சாக்கின் கல். அங்கும் அவர் தனியாக இல்லை; அவர் பெயரோடு சேர்த்துக் குழந்தைகளையும் அக்கல் நினைவுகூர்கிறது.